வன்னியில் இடி முழங்கும் காலமும் நேரமும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் இடிமழை கண்டபடி வருவதில்லை. அதற்கென்று மாதங்கள் உண்டு. அந்த மாதங்களிலும் அதற்கென்று மணித்தியாலங்கள் உண்டு. வயலில் நிற்பவருக்கும், பட்டி மாடு சாய்த்துச் செல்பவருக்கும், நந்திக்கடலில் இறால் பிடிப்பவருக்கும், தகரக் கூரையின் கீழ் பிள்ளைகளோடு இருப்பவருக்கும் இந்தக் காலக்கணக்குத் தெரிந்திருப்பது உயிரோடு தொடர்புடைய விடயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இடிமழை எப்போது, எங்கே, எப்படி உருவாகிறது என்பதையும், அந்நேரத்தில் செய்யவேண்டியதையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஆண்டின் நான்கு காலங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்கு காலங்களாகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலம். எமது மக்கள் இதையே சோளகம், வாடை என்ற இரண்டு காற்றுகளாலும் அவற்றுக்கு இடைப்பட்ட ஓய்ந்த நாட்களாலும் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

இடிமழை மிகுவது அந்த ஓய்ந்த நாட்களில்தான். சோளகமோ வாடையோ ஒரே திசையில் பலமாக வீசும்போது முகில் ஓரிடத்தில் நின்று உயர வாய்ப்புக் குறைவு. காற்று விழுந்து, நிலம் சூடேறி, கடலிலிருந்து ஈரம் உள்ளே வரும்போதுதான் முகில் நிமிர்ந்து வளர்கிறது. இலங்கையில் மின்னல் தாக்கி உயிரிழப்போர் தொகை ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கூடுவதற்கு இதுவே காரணம்.

முதலாவது காலம் மார்ச் பிற்பகுதியில் தொடங்கி மே முற்பகுதி வரை நீள்கிறது. இக்காலத்தில் சூரியன் எமது தலைக்கு நேர்மேலே வருகிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை அது தெற்கிலிருந்து வடக்காக இலங்கையைக் கடந்து செல்லும். வன்னிக்கு நேராக வருவது ஏறத்தாழ ஏப்ரல் 13, 14 ஆம் திகதிகளில். சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டமும் வன்னியின் கடும் வெயிலும் பின்னேர இடியும் ஒரே கிழமையில் சந்திப்பது தற்செயல் அல்ல.

இரண்டாவது காலம் செப்டெம்பர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பர் வரை நீள்கிறது. இதன் முற்பாதியில் பின்னேர இடிமழையே அதிகம். நவம்பர் நெருங்க நெருங்க வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்கும். அப்போது மழை நேரக்கணக்கை விட்டுவிடும். இரவு பகல் என்ற வேறுபாடு இல்லாமல் பெய்யும். காலபோகத்துக்கு நிலம் உழுது விதைக்கும் நாட்களும் இவையே. அதாவது, விவசாயி வெட்டவெளியில் அதிக நேரம் நிற்கும் காலமும் மின்னல் அதிகமாக விழும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

வன்னி நிலம் முகிலை வளர்க்கும் விதம்

வெள்ளாங்குளம் பக்கத்து மேற்குக் கரையிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை வன்னியின் அகலம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். மாங்குளம் இதற்கு ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. காலை வெயில் ஏறியதும் தரை கடலைவிட விரைவாகச் சூடாகும். தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகி எழும். அதன் இடத்தை நிரப்பக் கிழக்குக் கடலிலிருந்தும் மேற்குக் கடலிலிருந்தும் கடற்காற்று உள்ளே நகரும். இரண்டும் ஈரத்தைச் சுமந்து வருகின்றன. அவை சந்திக்கும் இடத்தில் காற்றுக்குப் போக வேறு வழி இல்லை. மேலே எழுந்தே ஆகவேண்டும்.

பகல் நேர இடிமுகில்கள் கரையோரத்தைவிட உட்பகுதியில் முதலில் எழுவதற்குக் காரணம் இதுதான். வவுனியா, ஓமந்தை, நெடுங்கேணி, கனகராயன்குளம், மாங்குளம், ஒட்டுசுட்டான், மல்லாவி ஆகிய இடங்கள் இந்த உட்பகுதிக்குள் அடங்குகின்றன. ஆனையிறவை நோக்கி வடக்கே செல்லச் செல்ல நிலம் ஒடுங்குகிறது. சூடேறும் தரையின் பரப்புக் குறைவதால் அங்கே பகல் முகில் தானாக வளரும் வாய்ப்பும் பொதுவாகக் குறைகிறது. ஆனாலும் தெற்கில் வளர்ந்த முகில் காற்றோடு நகர்ந்து அங்கும் வரலாம்.

எழுந்த காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து முகிலாகிறது. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். முகில் அதையும் தாண்டி 12 முதல் 16 கிலோமீற்றர் வரை வளரும்போது அதனுள்ளே பனித்துணிக்கைகளும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதலில் மின்னேற்றம் பிரிகிறது. பெரும்பாலும் முகிலின் மேற்பகுதியில் நேரேற்றமும் கீழ்ப்பகுதியில் மறையேற்றமும் சேர்கின்றன. இந்த வேறுபாடு எல்லை மீறும்போது பாய்வதே மின்னல். அது செல்லும் பாதையிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை ஒரு கணத்தில் சூடாகி வெடித்து விரியும் ஓசையே இடி.

காலை முதல் விடியல் வரை

இடைப்பருவக் காலத்தின் சாதாரண நாள் ஒன்று வன்னியில் பின்வரும் ஒழுங்கில் நகரும்.

காலை 6 முதல் 9 மணி வரை வானம் தெளிவாக இருக்கும். காற்று அசையாது. இந்த அமைதியும் உடம்பில் ஒட்டும் புழுக்கமும் பின்னேரத்துக்கான முதல் அறிகுறி. 10 மணியளவில் சிறு பஞ்சு முகில்கள் தோன்றும். அவை அகலமாகப் பரவினால் பெரும்பாலும் பயமில்லை. கோபுரம் போல் உயர்ந்தால் கவனிக்க வேண்டும்.

நண்பகலுக்குப் பிறகு வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸைத் தொடும். கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் முதலாவது இடிமுழக்கம் கேட்கும். முகிலின் உச்சி கொல்லன் பட்டடை போலத் தட்டையாகப் பரவிவிட்டால் அது முழுவளர்ச்சி அடைந்துவிட்டது என்று பொருள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்புகளில் 'பிற்பகல் 1 மணிக்குப் பின்னர்' அல்லது '2 மணிக்குப் பின்னர்' என்று திரும்பத் திரும்ப வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அந்தச் சொற்கள் வழக்கத்துக்காக எழுதப்படுபவை அல்ல. நாளின் ஆபத்தான பகுதி எப்போது தொடங்குகிறது என்பதை அவை சொல்கின்றன.

மாலை 5 முதல் 8 மணி வரை பல முகில்கள் ஒன்றுசேரும். ஒரு முகில் அரை மணி முதல் ஒரு மணிநேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று அயலில் இன்னொரு முகிலை எழுப்பிவிடும். இதனால் மாங்குளத்தில் தொடங்கிய இடி புதுக்குடியிருப்பிலோ துணுக்காயிலோ முடியலாம். பாடசாலை, வயல், சந்தை, வேலைத்தளம் எல்லாவற்றிலிருந்தும் மக்கள் வீடு திரும்பும் நேரமும் இதுதான்.

இரவு 8 மணிக்குப் பின் தரை குளிர்வதால் உட்பகுதி முகில்கள் மெல்ல வலுவிழக்கும். தூறலாகத் தொடரும் மழையிலும் இடையிடையே மின்னல் விழக்கூடும் என்பதால் மழை மெலிந்ததை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடலோரத்தின் ஒழுங்கு இதற்கு மாறானது. இரவில் தரை குளிர, கடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. தரைக்காற்று கடலை நோக்கி வீசும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில் அது கடலில் எதிர்ப்படும் வடகிழக்குக் காற்றோடு மோதி, கரைக்கு அப்பால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் முகிலை எழுப்புகிறது. எனவே அளம்பில், செம்மலை, கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைகளிலிருந்து இரவுத் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளருக்கு ஆபத்தான நேரம் நள்ளிரவிலிருந்து விடியும் வரை. உட்பகுதி விவசாயிக்கு அது நண்பகலிலிருந்து இரவு வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன.

சோளகக் காலத்தின் திடீர் மழை

மே முதல் செப்டெம்பர் வரை வன்னி வறண்டு கிடக்கும். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலையகத்தின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, உலர்ந்த சூட்டுக் காற்றாக இங்கே வருகிறது. ஆனாலும் இக்காலம் முழுவதும் இடியற்றது என்று நம்பிவிடக் கூடாது. ஓகஸ்ட் பிற்பகுதியில் சூரியன் தெற்கு நோக்கித் திரும்பும்போது இரண்டாவது தடவையாக வன்னிக்கு நேர்மேலே வருகிறது. சோளகம் சற்றுத் தளரும் நாட்களில் கிழக்குக் கடற்காற்று உள்ளே புகுந்து அதனோடு மோதும். அப்போது எழும் முகில் மேல்மட்டக் காற்றால் கிழக்கே தள்ளப்பட்டு, பின்னேரத்திலோ இரவிலோ வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் கொட்டித் தீர்க்கும்.

2009 ஓகஸ்ட் நடுப்பகுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் நடந்ததை எம்மவர் பலர் நேரில் அனுபவித்தனர். போர் முடிந்து மூன்று மாதங்களே கடந்திருந்தன. இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தனர். சில மணித்தியாலங்கள் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. தறப்பாளின் கீழ் படுக்க இடமின்றிக் குடும்பங்கள் நின்றன. தாழமுக்கமோ சூறாவளியோ காரணமல்ல. வறண்ட காலத்தில் வந்த இடிமழையே அது. மரங்கள் வெட்டி அகற்றப்பட்ட சமதரையில் நீர் வடிய வழியின்றி இருந்ததே அந்த மழையைப் பேரிடராக்கியது. ஓகஸ்ட் மாதத்தில் வன்னியில் தற்காலிகக் குடியிருப்பு அமைப்போர் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

'மினி சூறாவளி' என்று சொல்லப்படுவது

வன்னிச் செய்திகளில் 'மினி சூறாவளியால் வீடுகளின் கூரைகள் தூக்கி வீசப்பட்டன' என்ற வரியை அடிக்கடி காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை சுழன்று வரும் சூறாவளிகள் அல்ல. இடிமுகிலின் உள்ளிருந்து மழையோடு சேர்ந்து குளிர்காற்று வேகமாகக் கீழே விழுகிறது. அது தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறிப் பாய்கிறது. சில நிமிடங்களே நீடிக்கும் இந்தப் பாய்ச்சல் கூரைத் தகரங்களைக் கழற்றவும், வாழை, பப்பாசித் தோட்டங்களைச் சாய்க்கவும் போதும். அறிவிப்புகளில் 'இடியுடன் கூடிய மழையின்போது தற்காலிகமாக வீசக்கூடிய பலத்த காற்று' என்று சொல்லப்படுவது இதையே.

மழைக்கு முன் திடீரென்று குளிர்காற்று அடித்து மண்வாசனை வந்தால் அந்தப் பாய்ச்சல் உங்களை எட்டிவிட்டது. அதன்பின் தகரத்துக்குக் கல் வைக்கக் கூரையில் ஏறக் கூடாது. மார்ச் பிறக்கும் முன்னரும் செப்டெம்பர் முடியும் முன்னரும் கூரை ஆணிகளையும் கட்டுக்கம்பிகளையும் சரிபார்த்து, வீட்டின்மேல் சாய்ந்த கிளைகளைத் தறித்துவிடுவது நல்லது.

உண்மையான சூறாவளியின் அளவு வேறு. 1964 டிசெம்பர் 22 ஆம் திகதி திருகோணமலைப் பக்கமாக நுழைந்து வவுனியா ஊடாகக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலும், 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரேவியும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பைத் தொட்டவை. அவற்றை நாட்கணக்கில் முன்னதாக அறிவிக்க முடிந்தது அல்லது முடியும். இடிமழையோ பத்துப் பதினைந்து கிலோமீற்றர் அகலத்துக்குள் பிறந்து முடிவது. பக்கத்து ஊரில் வெயில் எறிக்க உங்கள் ஊரில் இடி விழலாம். இன்று இந்த மாவட்டத்தில் இடிமழை வரலாம் என்று அறிவிப்புச் சொல்லும். எந்த வயலில் எத்தனை மணிக்கு என்பதை வானத்தைப் பார்த்து நாமே அறியவேண்டும்.

குளங்களுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். சித்திரை இடிமழை சிறுபோகத்துக்கு நிலத்தை நனைக்கும், இரணைமடுவை நிரப்பாது. கனகராயன் ஆற்றுப் படுகை முழுவதும் ஒரேவேளையில் பெய்யும் தாழமுக்க மழையே குளத்தை நிரப்புகிறது. 2018 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியது அவ்வாறான மழையால்தான்.

எறிகணைக் காலப் பழக்கமும் மின்னலும்

போரை வாழ்ந்து கடந்த மக்களுக்கு இடியோசை வெறும் ஓசை அல்ல. எறிகணை புறப்படும் 'குத்து'ச் சத்தம் கேட்டதும், அது விழுந்து வெடிக்கும்வரை எண்ணிக்கொண்டே பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள் நாம். இடி முழங்கும்போது நெஞ்சு படபடப்பதும், பிள்ளையை இழுத்து அணைப்பதும், உறக்கம் கலைந்து எழுவதும் பலருக்கு இன்றும் நேர்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பு கற்றுக்கொண்ட பாதுகாப்பு அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மின்னலுக்குப் பொருந்தாது என்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, எண்ணும் முறை. எறிகணையில் சத்தம் முன்னே, ஆபத்துப் பின்னே. மின்னலில் ஒளியும் ஆபத்தும் முன்னே, சத்தம் பின்னே. இடியைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் அந்த மின்னல் உங்களைத் தாக்கவில்லை. பயப்பட வேண்டியது அடுத்ததற்கு. ஒளியைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கு. 30 செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் விழுகிறது. அடுத்தது உங்களிடமே விழக்கூடும். உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வர வேண்டாம்.

இரண்டாவது, நிலத்தில் படுப்பது. எறிகணைச் சிதறலிலிருந்து தப்பக் குப்புறப் படுத்தோம். மின்னலுக்கு அது ஆபத்து. மின்னல் விழுந்த இடத்திலிருந்து மின்சாரம் நிலத்தினூடாகப் பரவுகிறது. உடம்பு நிலத்தில் எவ்வளவு நீளத்துக்குத் தொடுகிறதோ அவ்வளவு அதிகமாக அது உடம்பினூடாகப் பாயும். ஒரு மரத்தின் கீழ் நின்ற மாடுகள் கூட்டமாக இறப்பதும் இதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். வீட்டுக்குப் போகவே வழியில்லாத வெட்டவெளியில் அகப்பட்டால் இரு பாதங்களையும் ஒன்றுசேர்த்துக் குந்தியிருந்து, தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பொத்திக்கொள்ளுங்கள். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். இது கடைசி வழி மட்டுமே, பாதுகாப்பு அல்ல. பழைய பதுங்குகுழியும் வாய்க்காலும் நீர் தேங்கும் இடங்கள் என்பதால் அவற்றுக்குள் இறங்குவதும் தவறு.

மூன்றாவது, உடம்பிலுள்ள உலோகம். எறிகணைத் துகள்களை இன்னும் உடலில் சுமப்போரும் செயற்கைக்கால் அணிந்திருப்போரும் எம்மிடையே பலர். அந்த உலோகம் மின்னலை இழுக்குமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அது இழுக்காது. மின்னல் தேடுவது உயரத்தையும் தனித்து நிற்பதையும். வெறும் வயலில் தனியே நிற்கும் ஒருவர், உடலில் உலோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே அளவு ஆபத்திலேயே இருக்கிறார். விரைந்து ஓட முடியாதவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே, முதலாவது முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே, வீடு திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

வேலையை நேரத்துக்கு ஏற்ப ஒழுங்கு செய்தல்

இடைப்பருவ மாதங்களில் உழவு, விதைப்பு, களையெடுப்பு, மருந்தடிப்பு ஆகியவற்றை விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பதே சிறந்தது. வீதியில் காயவிட்ட நெல்லையும் கச்சானையும் 2 மணிக்கு முன் கூட்டிவிடலாம். உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி ஆகியவை பாதுகாப்பு அல்ல. கூரை மூடிய பேருந்தோ காரோ கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதுகாப்பானது.

தனிப் பனையும் தனி மரமும் மின்னலுக்கு இலக்கு. அதன் கீழ் ஒதுங்கினால் மரத்தில் விழுந்த மின்னல் பக்கவாட்டாகப் பாய்ந்து ஆளைத் தாக்கும். சுவரில்லாத தகரக் கொட்டிலும் வயற்காவல் குடிலும் மழைக்கு மட்டுமே ஒதுக்கிடம். சுவரும் கூரையும் உள்ள வீடு, பாடசாலை, பொதுநோக்கு மண்டபம் ஆகியவற்றுக்குள் செல்லுங்கள். உள்ளே சென்றபின் கதவு, யன்னல் அருகில் நிற்காதீர்கள். தொலைக்காட்சி, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் இணைப்புகளை இடி தொடங்கும் முன்னரே கழற்றிவிடுங்கள். மின்னேற்றியில் செருகிய கைத்தொலைபேசியில் பேச வேண்டாம், செருகாதது ஆபத்தல்ல. குழாய்நீரில் குளிப்பதையும் குழாய்க்கிணற்றில் நீர் அடிப்பதையும் தள்ளிவையுங்கள்.

களப்பில் இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்பவரும், திறந்த வள்ளத்தில் இருப்பவரும் சுற்றுவட்டத்திலேயே உயரமானவர்கள். இடிமுகில் எழுவது தெரிந்தால் வலையைவிட உயிர் பெரிது என்று கரைக்கு வரவேண்டும்.

கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, மாவீரர் நினைவேந்தல் எனத் திறந்தவெளியில் மக்கள் கூடும் நிகழ்வுகள் பல மாலை வேளைகளிலேயே நடக்கின்றன. நவம்பர் 27 மாலை இரண்டாவது இடைப்பருவக் காலத்துக்குள் வருகிறது. ஏற்பாட்டாளர்கள் அன்றைய வானிலை அறிவிப்பைப் பார்ப்பதும், அருகிலுள்ள உறுதியான கட்டடங்களைத் திறந்து வைத்திருப்பதும், கொடிக்கம்பம், ஒலிபெருக்கிக் கம்பம் ஆகியவற்றிலிருந்து மக்களை விலக்கி நிறுத்துவதும் அவர்களது பொறுப்பு.

தாக்கப்பட்டவரைத் தொடலாம்

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டால் நமக்கும் அடிக்கும் என்ற எண்ணம் பல உயிர்களைக் காப்பாற்றத் தடையாக இருக்கிறது. மின்னல் பெரும்பாலும் இதயத்துடிப்பையும் மூச்சையும் நிறுத்தியே கொல்கிறது. நாடித்துடிப்பும் மூச்சும் இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். மூச்சுக் கொடுக்கத் தெரிந்தால் இடையிடையே கொடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. பலர் ஒன்றாகத் தாக்கப்பட்டிருந்தால் அசைவின்றிக் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். முனகுபவர் மூச்சு விடுகிறார். அசையாதவருக்கே சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. பிழைத்தவர் நலமாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காது, கண், நரம்பு, இதயம் ஆகியவற்றில் பாதிப்புப் பிந்தித் தெரியலாம்.

மார்ச் பிற்பகுதி முதல் மே முற்பகுதி வரையும், செப்டெம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் உட்பகுதிக்குப் பிற்பகல் 2 முதல் இரவு 8 மணி வரை. மழைக்காலத்தில் கரைக்கு நள்ளிரவு முதல் விடியல் வரை. வறண்ட காலத்தில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாலைகள். இந்த மூன்றையும் வீட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.